படத்தின் மேல் படம்

சப்ரகமுவ மாகாணத்துத் தோட்டப்புறங்களிலே, எட்டியாந்தோட்டையாயினும் இறக்குவானையாயினும், ஒரு திருமணம் நிறைவேறிற்று என்றால் சில வாரங்களுள் அதன் காணொளியும் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. மாலை வேளையில் உற்றாரும் அடுத்த காம்பிராக்காரரும் கூடியிருந்து அதனைக் காண்பர். முதலில் மலைச்சரிவு தோன்றும். பச்சைத் தேயிலையோ, வரிசையாய் நிற்கும் இறப்பர் மரங்களோ பனிமூட்டத்தினூடே மெல்லத் தெரியும். அவற்றின் மேல், மூடுபனி தானே உருக்கொண்டாற் போல, மணமகனுடைய காலஞ்சென்ற பாட்டனாரின் முகம் எழும். அதுவரையில் ஓயாத பேச்சு அவ்வேளையில் அடங்கிவிடும்.

இது நன்கு அமைந்த காணொளியின் கதை. மற்றொரு வகையும் உண்டு. அதிலும் அதே மலை, அதே முகம். ஆனால் முகத்தைச் சுற்றி நூலிழை போன்றதொரு வெள்ளைக் கோடு ஓடுகிறது. சில வேளைகளில் அது கறுப்புக் கோடு. பாட்டனார் பனியிலே தோன்றியவராகத் தெரியவில்லை. கத்தரிக்கோலால் வெட்டிக் கோதுமைமாப் பசையால் ஒட்டப்பட்டவராகத் தெரிகிறார். "தாத்தாவைச் சுற்றி ஏன் இந்தக் கோடு?" என்று வீட்டுச் சிறுவன் கேட்டால், "கம்பியூட்டரில் அப்படித்தான் வரும், தம்பி" என்று மூத்தோர் சொல்லிவிடுகின்றனர்.

அப்படித்தான் வரவேண்டும் என்பதில்லை. படமும் ஒன்று, மலையும் ஒன்று, மென்பொருளும் ஒன்று. வேற்றுமை முழுவதும் விளிம்பிலே இருக்கிறது. ஒரு படத்தின் மீது மற்றொரு படத்தைக் கீழுள்ளது ஊடுதெரியும் வண்ணம் பரப்பி, அதன் ஓரத்தை மென்மையாக்கும் கலை அறிதற்கு அரியதன்று. பெருக்கலும் கூட்டலும் பயின்ற மாணவர் எவரும் அதனை விளங்கிக்கொள்ளலாம்.

ஒரே ஒரு படம்

நூலளவு கோட்டுக்காக இத்துணைக் கவலை எதற்கு என்று சிலர் வினவக்கூடும். வேறிடங்களில் அது சிறிய குறையாக இருக்கலாம். தோட்டக் குடும்பங்களில் அவ்வாறன்று. மூத்த தலைமுறையினருக்கு நிழற்படம் எளிதிற் கிட்டிய பொருளன்று. விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்று, பால் வெட்டியும் கொழுந்து கொய்தும் பொழுது சாயத் திரும்பியவர்களுக்கு, நகரத்துப் படப்பிடிப்பு நிலையத்தில் ஆடை அணிகளோடு அமர்வதற்கு நேரமும் இல்லை, பணமும் இல்லை. அவர்களுட் பலரைப் படக்கருவியின் முன் கொண்டுபோய் நிறுத்தியது திருவிழாவன்று, சட்டமே.

1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களுள் 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 300,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் வகுத்தது. எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. இந்தியா செல்பவருக்குக் கடவுச்சீட்டு வேண்டும்; கடவுச்சீட்டுக்குப் படம் வேண்டும். அவ்வாறு எடுத்த படந்தான் இன்று பல வீடுகளில் ஒரு பாட்டியாரின், ஒரு பெரியப்பாவின் ஒரே நிழலாக எஞ்சி நிற்கிறது.

ஒரு குடும்பத்தை மனக்கண் முன் நிறுத்திப் பாருங்கள். தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்குமிடையே கப்பல் ஓடிய காலம். 1984இலேதான் அது நின்றது. அக்காள் அக்கரை சேர்ந்தாள். நீலகிரியிலே, தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தாள். தம்பி இக்கரையிலேயே, புளத்கொஹுபிட்டியப் பக்கத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தான். இருவரும் பின்னர்ச் சந்திக்கவேயில்லை. இருவரும் இன்று உயிரோடும் இல்லை. தம்பியின் பேரனுக்குத் திருமணம். நீலகிரி உறவினர் கைத்தொலைபேசி வழியே அனுப்பிய ஒரு படமும், வீட்டுத் தகரப் பெட்டியிற் கிடந்த ஒரு படமுமாக இரண்டையும் எடுத்துப் பேரன் ஒரே சட்டத்தினுள் வைக்கிறான். கடல் பிரித்த இருவரும் அன்றுதான் அருகருகே வருகின்றனர். அவ்விடத்தில் ஒரு வெள்ளைக் கோடு குறுக்கிட்டால் அதைச் சிறிய குறையென்று யார் சொல்வார்?

மனிதர் பிரித்தது போதாதென்று மழையும் இப்படங்களுக்குப் பகையாக நிற்கிறது. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகிறது. லயத்துச் சுவரின் ஈரம் சட்டத்தினுள் ஏறி, படத்தைக் கண்ணாடியோடு ஒட்டவைத்துவிடுகிறது. பூஞ்சணம் முகத்தின் மேற் புள்ளி புள்ளியாகப் பூக்கிறது. 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் களு கங்கை பெருகியபோதும், 2016 மே 17ஆந் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோதும் மக்கள் உயிரையும் வீட்டையும் இழந்தனர். வீட்டோடு போன பொருள்களின் கணக்கிலே படங்கள் சேர்க்கப்படுவதில்லை. மிஞ்சியது ஒன்றே என்னும்போது அதனைக் கையாளும் முறையும் அதற்கேற்பச் செவ்வையாக இருத்தல் வேண்டும்.

கைவேலைக் காலம்

மென்விளிம்பு கணினியின் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது. பத்திரிகைகளின் மரண அறிவித்தல்களிலும், பழைய வீடுகளின் சுவர்களிலும், மார்பளவு உருவம் கீழே செல்லச்செல்ல வெண்மையிற் கரைந்துபோகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இருட்டறையிலே அவற்றைச் செய்த முறை மிக எளியது. தடித்த அட்டையொன்றில் முட்டை வடிவாகத் துளையிடுவர். ஒளி விழும் வில்லைக்கும் கீழே கிடக்கும் படத்தாளுக்கும் இடையே அவ்வட்டையைப் பிடித்து, ஒளிபடும் நேரமெல்லாம் மெல்ல அசைத்துக்கொண்டேயிருப்பர். அசைவு நின்றால் ஓரம் கத்தி வெட்டுப் போல் விழும். அசைந்தால் மேகத்தின் ஓரம் போல் விழும். அட்டையின் துளையை வாள்பல் போல வெட்டிவைப்பாரும் உண்டு. அவர்களுடைய மணிக்கட்டு அன்று செய்த வேலையைத்தான் இன்று கணினி எண்களாற் செய்கிறது.

மென்மையைக் குறையென்று இகழாமல் அழகென்று கொண்டாடிய முன்னோடி ஒருவர் நமது மலைகளிலேயே துயில்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. பலாங்கொடையிலிருந்து மேலேறும் பாதை பொகவந்தலாவையைச் சென்றடைகிறது. அங்கே சென் மேரிஸ் தேவாலய வளவில் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த இவர், 48ஆவது வயதில் மகள் அளித்த படக்கருவியைக் கொண்டு படமெடுக்கத் தொடங்கினார். மயிரிழையும் கூர்மையாகத் தெரியவேண்டுமென்று அக்காலத்துப் படப்பிடிப்பாளர் வில்லையைத் திருகிக்கொண்டிருக்க, இவரோ உருவம் கண்ணுக்கு அழகாகத் தோன்றும் இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். இலண்டன் விமரிசகர் நகைத்தனர். 1875இல் கணவரோடு இலங்கை வந்து, தோட்டங்களில் வேலை செய்த தமிழரையும் படமெடுத்தார்; அவற்றிலே மிகச் சிலவே இன்று எஞ்சியுள்ளன. 1879 ஜனவரியில் திக்கோயாவிற் காலமானார். படத்தின் மேற் படம் அடுக்கும் வித்தை வேறு, அம்மையார் கையாண்ட வித்தை வேறு என்பது உண்மையே. எனினும் தெளிவின்மையைக் கண் வெறுப்பதில்லை, சில வேளைகளில் அதனையே நாடுகிறது என்னும் உண்மையை அவருடைய படங்கள் போல் மெய்ப்பித்தவை அரிது.

படத்தின் மேற் படத்துக்கு நம்மவர் நன்கறிந்த சான்று இரட்டை வேடத் திரைப்படங்களாகும். 1940இல் சேலம் மொடேர்ன் தியேட்டர்சார் எடுத்த 'உத்தமபுத்திரன்' படத்திலே பி. யூ. சின்னப்பா இருவராகத் தோன்றினார். 1958இல் எம். ஜி. ஆர். 'நாடோடி மன்னன்' படத்திலே மன்னனாகவும் நாடோடியாகவும் வந்தார். அக்காலத்தில் இதற்குக் கையாண்ட பழைய வழி யாதெனில், வில்லையின் முன்னே கறுப்புத் தகடொன்றை வைத்துச் சட்டத்தின் ஒரு பாதியை மறைப்பர். மறையாத பாதியில் நடிகர் ஒரு வேடத்தில் நடிப்பார். பின்னர்ப் படச்சுருளைத் தொடக்கத்துக்கே திருப்பிச் சுற்றி, தகட்டை மறுபாதிக்கு மாற்றி, அவரையே மற்ற வேடத்தில் நடிக்கவைப்பர். கருவி மயிரளவும் அசையலாகாது.

இங்கே ஒரு நயம் உண்டு. தகட்டின் ஓரம் நேர்க்கோடாயிருந்தும் திரையிலே கோடு தெரியாதது ஏன்? ஒரு கண்ணை மூடிக்கொண்டு, திறந்த கண்ணுக்கு மிக அருகே சுட்டுவிரலை நீட்டி, எதிரேயுள்ள மலையைப் பாருங்கள். மலை தெளிவாகத் தெரியும். விரலின் ஓரமோ புகைந்து, அதனூடே மலையும் சிறிது தெரியும். தகடு வில்லைக்கு அருகில் இருப்பதால் அதன் ஓரமும் அவ்வாறே புகைகிறது. அப்புகைந்த பட்டையிலே முதற் படம் சிறிது சிறிதாகக் குறைய, இரண்டாவது படம் அதே அளவிற் கூடுகிறது. இரண்டும் சேர்ந்து எவ்விடத்திலும் முழுமை குன்றுவதில்லை. 'ஒன்று எவ்வளவு குறைகிறதோ, மற்றது அவ்வளவு கூடவேண்டும்' என்னும் இவ்விதி ஒன்றை மட்டும் நினைவில் நிறுத்திக்கொண்டால், கணினியிற் செய்வதும் விளங்கிவிடும்.

நான்காவது எண்

கணினியில் ஒரு படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் தொகுதி. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களுக்கு மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் பொதுவாக 0 முதல் 255 வரை செல்லும். நெடுங்காலம் இம்மூன்றே இருந்தன. 1977ஆம் ஆண்டளவில் நியூயோர்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித், எட் கட்மல் என்னும் இருவர் நான்காவது எண் ஒன்றைச் சேர்த்தனர். நிறம் எதுவென்பதை அது சொல்வதில்லை. அந்நிறம் அவ்விடத்தை எவ்வளவு மறைக்கிறது என்பதையே சொல்கிறது. அதற்கு 'ஆல்பா' என்று பெயரிட்டனர். ஆல்பா 255 என்றால் முழு மறைப்பு. 0 என்றால் கண்ணாடி போல வெறுமை. இடைப்பட்ட எண்கள் இடைப்பட்ட நிலை. 1984இல் தாமஸ் போர்ட்டர், டொம் டஃப் என்னும் இருவர், இவ்வெண்ணைக் கொண்டு படங்களை அடுக்கும் கணித விதிகளை வகுத்து வெளியிட்டனர். திரைப்படத் துறைக்கு இஃது அளித்த பயனைப் போற்றி அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் இந்நால்வருக்கும் 1996இல் விருது வழங்கியது.

மென்விளிம்பு என்பது இந்த நான்காவது எண்ணின் படியிறக்கமேயாகும். கத்தரித்தாற் போன்ற ஓரத்தில் 255க்கு அடுத்த புள்ளியிலேயே 0 வந்துவிடும். மென்மையான ஓரத்திலோ 255, 240, 200, 128, 60, 15, 0 என்று பல புள்ளிகளினூடே அது இறங்கும். ஆங்கிலேயர் இதற்கு 'இறகு' எனப் பொருள்படும் 'ஃபெதர்' என்னும் பெயரை இட்டிருக்கின்றனர். இறகின் ஓரத்தைப் பார்த்தவர்கள் பெயர்ப் பொருத்தத்தை ஒப்புவர்.

இயற்கையிலும் இதனைக் காணலாம். இறப்பர்க் காட்டினுள் நண்பகலில் நின்று தரையைப் பாருங்கள். காலடியிலுள்ள புல்லின் நிழல் கூர்மையாக விழுகிறது. தலைக்கு மேல் ஐம்பது அடி உயரத்தில் ஆடும் இலையின் நிழலோ ஓரமின்றி மங்கிக் கிடக்கிறது. சூரியன் ஒரு புள்ளியாக இல்லாமல் வட்டமாக இருப்பதே இதற்குக் காரணம். வட்டத்தின் ஒரு பகுதியை மட்டும் இலை மறைக்கும் இடத்தில் அரைகுறை வெளிச்சம் விழுகிறது. பாடநூல்கள் கூறும் புறநிழல் இதுவே. ஐம்பதடி உயரத்து இலைக்கு அப்புறநிழல் ஏறக்குறைய 14 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். ஓரம் மங்கியிருந்தால் அப்பொருள் எட்ட இருக்கிறது என்று நமது கண் பழகிப்போனதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம். பனியிலே தோன்றும் முகத்துக்கு மென்விளிம்பு பொருந்துவது இதனால்தானோ!

கோடு எங்கிருந்து வருகிறது?

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். வெள்ளைக் கோட்டுக்கும் கறுப்புக் கோட்டுக்கும் காரணங்கள் வெவ்வேறு. கணக்கை எளிதாக்க, நிறத்தை விடுத்து வெளிச்சத்தை மட்டும் எண்ணாற் குறிப்போம்.

வெள்ளைக் கோடு பழைய சுவரின் மிச்சம். பாட்டனாரின் கருந்தலைமயிருக்கு 30 என்றும், அவருக்குப் பின்னாலிருந்த படப்பிடிப்பு நிலையத்து வெண்சுவருக்கு 250 என்றும் கொள்வோம். மயிரின் ஓரத்துப் புள்ளியிலே பாதி மயிரும் பாதி சுவருமாக 140 என்னும் எண் பதிந்திருக்கும். அப்புள்ளிக்குப் பாதி மறைப்பு என்று ஆல்பா கொடுத்து, 40 என்னும் இருண்ட இறப்பர்க் காட்டின் மேல் வைக்கிறோம். 140இன் பாதி 70, 40இன் பாதி 20, கூட்டினால் 90. உண்மையில் வந்திருக்கவேண்டியதோ 30இன் பாதியும் 40இன் பாதியும் சேர்ந்த 35. இருண்ட மயிருக்கும் இருண்ட காட்டுக்கும் நடுவே 90 என்னும் வெளிறிய இழை ஓடுகிறது. அறுபதாண்டுக்கு முன் ஏதோ ஒரு நகரத்துச் சுவரிற் பூசிய வெள்ளைச் சுண்ணாம்பு, பாட்டனாரை விடாமற் பற்றிக்கொண்டு வந்துவிட்டது!

கறுப்புக் கோட்டின் காரணம் ஒரே பெருக்கலை இருமுறை செய்வது. பாட்டியின் வெண்சேலைக்கு 200, பின்னணி வானத்துக்கு 180 என்க. பாதி மறைப்புள்ள ஓரத்தில் 100உம் 90உம் சேர்ந்து 190 வரவேண்டும். சில மென்பொருள்கள், படத்தைச் சேமிக்கும்போதே நிறத்தை ஆல்பாவினாற் பெருக்கி, 200க்குப் பதிலாக 100 என்றே எழுதிவைத்துவிடுகின்றன. இதற்கு 'முன்பெருக்கிய' முறை என்று பெயர். நல்ல முறைதான், பெருமைக்குரிய போர்ட்டரும் டஃபும் கையாண்டது இதுவே. ஆனால் படத்தைப் பெறும் மென்பொருள் அதை அறியாமல் மீண்டும் ஒருமுறை பாதியாக்கினால் 50 ஆகிவிடும். 50உம் 90உம் சேர்ந்தால் 140. இருபுறமும் 200, 180 என்று வெளிச்சமாயிருக்க, நடுவிலே 140 என்னும் கரிய கோடு! கடைக்காரர் ஏற்கெனவே கழித்துக் கொடுத்த தள்ளுபடியை வீட்டில் மறுபடியும் கழித்துக் கணக்கெழுதினாற் போன்ற நிலை.

ஆதலால் கறுப்புக் கோடு கண்டால் ஓரத்தை இன்னும் புகையவைத்துப் பயனில்லை. பலர் அதைத்தான் செய்கின்றனர். மெல்லிய கறுப்புக் கோடு தடித்த கறுப்புப் புகையாக மாறுகிறது. பார்க்கவேண்டியது அமைப்புகளை. டாவின்சி ரிசொல்வ் போன்ற மென்பொருள்களில், ஒரு படத்தின் ஆல்பா 'ஸ்ட்ரெயிற்' அதாவது பெருக்காததா, 'பிரிமல்டிப்ளைட்' அதாவது முன்பெருக்கியதா என்று சொல்லும் தெரிவு உண்டு. அதை மாற்றியவுடன் கோடு மறைந்துவிடும். பி.என்.ஜி. வகைக் கோப்பு எப்போதும் பெருக்காத முறையிலேயே எழுதப்படுவது என்பதையும் மனத்திற் கொள்ளலாம். ஜேபெக் வகைக்கு ஆல்பாவே கிடையாது. ஊடுதெரியும் படத்தை அவ்வகையிற் சேமித்தால் நான்காவது எண் தொலைந்துபோகும்.

வெள்ளைக் கோட்டுக்கு மருந்து வேறு. முகத்தைச் சுற்றித் தெரிவுக் கோடு வரைந்ததும், அதனை இரண்டு மூன்று புள்ளி உள்நோக்கிச் சுருக்கவேண்டும். பணம் கொடாமலே கிடைக்கும் கிம்ப் என்னும் மென்பொருளில் 'ஷ்ரிங்க்' என்று இதற்குக் கட்டளை இருக்கிறது. சுருக்கிய பிறகே 'ஃபெதர்' கொடுக்கவேண்டும். சுருக்காமல் மென்மையாக்கினால், வெளியே விரியும் புகை பழைய சுவரையும் சேர்த்தே அள்ளிக்கொண்டு வரும்.

முதலில் நல்ல படி

இவையனைத்துக்கும் முந்திய வேலை ஒன்றுண்டு. சிறிய படத்தைப் பெரிய திரைக்குக் கொண்டுவரும்போது எடுக்கும் படி போதிய அளவுடையதாயிருக்க வேண்டும். கடவுச்சீட்டுப் படம் 35 மில்லிமீற்றருக்கு 45 மில்லிமீற்றர் என்று கொள்வோம். வருடும் கருவியில் அங்குலத்துக்கு 300 புள்ளி வைத்தால் உயரம் 531 புள்ளிதான் கிடைக்கும். 1920க்கு 1080 என்னும் காணொளிச் சட்டத்தில் அது பாதி உயரத்துக்கே போதும். 600 புள்ளி வைத்தால் 1063 கிடைக்கும்; முழு உயரத்துக்கும் ஏறக்குறைய நிறைந்துவிடும். கருவியில் ஓர் எண்ணை மாற்றும் வேலைதான்.

கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தை உரித்தெடுக்க ஒருபோதும் முயலவேண்டாம். முகம் கண்ணாடியிலும் தாள் கையிலுமாகப் போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே வருடலாம்; அல்லது இஸ்தோப்பிலே, நேர்வெயில் படாத பக்கவெளிச்சத்தில் வைத்து, கைத்தொலைபேசியைப் படத்துக்கு நேராகப் பிடித்து எடுக்கலாம்.

காணொளியினுள் அமைக்கும்போது கேடன்லைவ், ஷொட்கட் முதலிய இலவச மென்பொருள்களே போதுமானவை. மலைக்காட்சி கீழ் வரிசையிலும் முகம் மேல் வரிசையிலும் இருக்கவேண்டும். விளிம்பின் மென்மை வேறு, முழுப் படத்தின் ஊடுதெரிவு வேறு என்பதை மட்டும் குழப்பிக்கொள்ளலாகாது. முன்னது ஓரத்தில் மட்டும் ஆல்பாவைக் குறைக்கிறது; பின்னது எல்லாப் புள்ளிகளின் ஆல்பாவையும் ஒரே விகிதத்திற் குறைக்கிறது. முகம் மெல்லத் தோன்றுவதற்குப் பின்னதே கருவி. செக்கனுக்கு 25 சட்டம் ஓடும் காணொளியில் இரண்டு செக்கன் என்பது 50 சட்டம். சட்டத்துக்கு 2 சதவீதமாக ஏற்றினால் முகம் முழுமையடைந்துவிடும். மலைக்காட்சி வெளிச்சமாயிருந்தால் முழுமைக்குச் சற்றுக் குறைவாக, 80 அல்லது 85 சதவீதத்தில் நிறுத்துவது நன்றாயிருக்கும்.

மென்மையின் அகலம் எவ்வளவு? முகமும் தோளும் அடங்கிய முட்டை வடிவுக்கு, அதன் அகலத்திலே எட்டிலொரு பங்கு போதும் என்பது என் கருத்து. அதற்கு மேற் போனால் காதும் கொண்டையும் கரையத் தொடங்கும். வட்டத்தின் நடுவிலே இரு கண்கள் மட்டும் மிதக்கும் படங்களை நீங்களும் கண்டிருப்பீர்கள். அவை நினைவைத் தருவதற்குப் பதிலாக அச்சத்தைத் தருகின்றன. இதய வடிவினுள் மணமக்களை வைத்துச் சுழற்றும் பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

நிழலா, ஆளா?

ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. நுட்பத்தைவிடக் கடினமான கேள்வி. இன்றைய மென்பொருள்கள் முகத்தைத் தாமே வெட்டுகின்றன, நிறம் ஏற்றுகின்றன, கடவுச்சீட்டுக்காக விறைத்து நின்ற பாட்டியைச் சிரிக்கவும் வைக்கின்றன. மறைந்த தந்தையாரை மணவறையிலேயே மணமகளின் அருகே நிற்கவைத்து, அன்று அவரும் வந்திருந்தார் என்னும்படி செய்துவிடலாம். செய்யலாமா?

1858ஆம் ஆண்டிலேயே இவ்வழக்கு எழுந்தது. ஹென்றி பீச் ரொபின்சன் என்னும் ஆங்கிலேயப் படப்பிடிப்பாளர் ஐந்து தனித்தனிப் படங்களை ஒன்றாக இணைத்து, மரணப் படுக்கையிலுள்ள இளம்பெண்ணையும் சூழ்ந்திருக்கும் குடும்பத்தையும் காட்டினார். ஓவியமாயிருந்தால் பொறுத்திருப்பர், உண்மையைச் சொல்லும் நிழற்படத்திலே இவ்வாறு புனையலாமா என்று பலர் சினந்தனர். அவ்விணைப்பில் ஓரங்கள் மறைந்திருந்தன என்பதே அச்சினத்தின் ஒரு பாதி.

குடும்பத்தார் விருப்பத்தைத் தடுக்க எழுத்தாளனுக்கு உரிமையில்லை. எனினும், ஓரம் தெரியாமல் மறைப்பதற்கும் ஓரத்தை மென்மையாக்குவதற்கும் உள்ள வேற்றுமையை அவர்கள் சிந்திக்க வேண்டும் என்பேன். மறைத்த ஓரம் 'இவர் இங்கே நின்றார்' என்கிறது. மென்மையான ஓரமோ 'இவரை இங்கே நினைத்தோம்' என்கிறது. பேரனின் பிள்ளைகள் முப்பதாண்டு கழித்து அக்காணொளியைப் பார்க்கும்போது, கொள்ளுப்பாட்டனார் அத்திருமணத்தில் இருந்தாரா என்று அவர்களுக்குச் சொல்ல அருகில் எவரும் இருக்கமாட்டார். ஒப்பந்தங்களும் கடவுச்சீட்டுகளும் யார் எங்கே இருந்தார் என்பதையே வாழ்நாள் வழக்காக ஆக்கிய ஒரு சமூகத்தில், யார் எங்கே இருந்தார் என்பதைப் படங்களும் குழப்பிவிடலாகாது. பாட்டியின் கழுத்தில் அவர் அணிந்தேயிராத அட்டியலைப் பூட்டுவதையும் நான் இவ்வகையிலேயே சேர்ப்பேன். அவருடைய வெறுங்கழுத்தும் ஒரு வரலாறுதான்.

எவ்வகையிற் செய்தாலும், முதலில் வருடிய மூலப்படியில் கைவைக்காமல் தனியே வைத்துக்கொண்டு, மற்றொரு படியிலேயே வேலை செய்யவேண்டும். வெட்டி மென்மையாக்கிய முகத்தைப் பி.என்.ஜி. கோப்பாகத் தனியே சேமித்தால் அடுத்த திருமணத்துக்கும் உதவும். முடிந்த காணொளியின் எம்.பி.4 கோப்பிலிருந்து அதனைப் பிரித்தெடுக்க இயலாது. இவ்விரண்டையும் ஒரே கைத்தொலைபேசியில் மட்டும் வைத்திராமல், வேறு ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வைக்கலாம். வெள்ளம் இரண்டு ஊரிலும் ஒரே நாளில் வருவது அரிது. கோப்புக்கு எண்ணைப் பெயராக இடாமல், இன்னார், இன்ன தோட்டம், இன்ன டிவிசன், படம் எடுத்த ஆண்டு என்று தமிழிலேயே பெயரிடுங்கள். பழைய படம் கையிலிருந்தால் அதன் பின்புறத்திலும் இவற்றை எழுதலாம். பேனா வேண்டாம், அதன் மை ஊறி முகத்துக்கு வந்துவிடும்; மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதினாற் போதும்.